மூக்கு வைத்த செவ்வந்திப் பெட்டி

மாலை தொடுப்பது எப்படி என்று கேட்க வந்திருந்தால், பூக்கடைப் பிள்ளைகளே, உங்கள் போனைத் திறந்து பாருங்கள். என் விரலைவிட அது தெளிவாகக் காட்டும். ஊசியும் நூலும் தானாகக் கைக்குப் பழகிவிடும். ஆனால் கடைக்குள் ஒரு பெண் நின்று அழ, வெளியே வான் ஹோர்ன் அடிக்க, கோயிலில் இருந்து போன் வர, மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால் என்ன செய்வது என்று எந்தப் போனும் சொல்லாது. அதைத்தான் சொல்லப் போகிறேன். தேநீரைக் கையில் எடுங்கள், என் கதை நீளும். முழங்கால் மக்கர் பண்ணியதால்தான் வேலையை விட்டேன், வாய்க்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

நான் மன்னார்க்காரி, வேதக்காரி. எங்கள் ஊரில் மாதாவுக்குப் பூ வைக்கும் முன் எல்லோரும் முகர்ந்து பார்ப்போம். நல்ல வாசம் என்றால் மாதாவுக்கும் சந்தோசம்தானே என்று நினைப்பு. லண்டன் மனோர் பார்க்கில் இந்தக் கடைக்கு வேலைக்கு வந்த முதல் நாள், மல்லிகைப் பெட்டியைத் திறந்தவுடன் கையில் ஒரு சரத்தை எடுத்து மூக்கில் வைத்தேன். முதலாளி அண்ணை வந்து அந்தச் சரத்தை என் கையில் இருந்து வாங்கி ஒதுக்குப்புறமாக வைத்தார்.

"தங்கச்சி, அது கோயிலுக்கு. நீங்கள் மணந்திட்டியள். இனிச் சுவாமிக்கு ஆகாது."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "நான் என்ன கடிச்சே பார்த்தனான்? மூக்குத்தானே அண்ணை!"

"ஒருத்தர் ருசி பார்த்த சாப்பாட்டை விருந்தாளிக்கு வைப்பியளோ?"

"மாட்டன்."

"பூவில சுவாமிக்குச் சாப்பாடே வாசம்தான். முதல்ல அவர் எடுக்கட்டும்."

அவ்வளவுதான் விளக்கம். அண்ணை மணிக்கணக்கில் புத்தி சொல்லும் ஆள் இல்லை. வெடுக்கென்று ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், நாங்கள்தான் இரண்டு நாள் அதை மென்று திரிவோம். அன்றிலிருந்து நான் அவரைவிடக் கடுமையாகிவிட்டேன். கடைக்குள் வருகிறவர்கள் பூவின் பக்கம் முகத்தைக் குனிந்தாலே, "மூக்கை எடுங்கோ!" என்று கத்துவேன். புதிதாக மதம் மாறினவர்களுக்குத்தான் பக்தி கூட என்பார்களே, அந்த வகை. அண்ணையோ, பெரிய பண்டிகை நாளிலும் பூப்பெட்டி முன் நின்றால் மூச்சைக்கூடப் பக்கவாட்டில்தான் விடுவார்.

கதிரேசனை உங்களில் பலருக்குத் தெரியாது. மதுரைப் பக்கத்துப் பிள்ளை, எங்கள் வான் சாரதி. வாய் ஓயாது, வேலையும் ஓயாது. ஒரு தடவை தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று செத்த வீட்டுக்கு உதிரிப் பூ கேட்டது. நான் நல்ல மலர்வளையங்களாக அனுப்பி வைத்தேன். கதிரேசன் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, வளையங்களை அந்த மயான வாசலிலேயே பிய்த்து, பிணவண்டிக்கு முன்னால் வழியெல்லாம் தூவிக்கொண்டு நடந்திருக்கிறான். மயான அதிகாரி கடைக்குப் போன் பண்ணிக் குதித்தார். நான் கதிரேசனிடம் குதித்தேன்.

"அக்கா, எங்க ஊர்ல அப்படித்தான்," என்றான் சாவகாசமாக. "வீட்டு வாசல்ல ஆரம்பிச்சு சுடுகாடு வரைக்கும் செண்டுப்பூவைப் பிச்சுப் போட்டுக்கிட்டே போவோம். செத்தவரு வழி தவறாம போய்ச் சேரணும்ல?"

"அவர் காருக்குள்ள படுத்திருக்கிறார் ராசா, எப்பிடி வழி தவறுவார்?"

"அது சரிக்கா. ஆனா அந்தம்மா என்னையக் கட்டிப்பிடிச்சு அழுதுச்சு. உங்க வளையத்தப் பாத்து அழுதிருக்குமா?"

அதற்குப் பிறகு நான் ஓர் ஓடரை எழுதும் முன், 'எதற்கு?' என்று கேட்கப் பழகினேன். எத்தனை, எப்போது என்பதெல்லாம் அதற்குப் பின்னால். எதற்கு என்று தெரியாமல் பூ விற்பது கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுக்கிற வேலை.

இனி அந்தப் பெட்டியின் கதை.

அந்த வருடம் தீபாவளியும், கந்தசஷ்டித் தொடக்கமும், செத்தவர்களை நினைக்கிற எங்கள் சகல ஆத்துமாக்கள் திருநாளும் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு ஒரே கிழமையில் வந்தன. பூ வியாபாரிக்கு அது கலியாணமும் காய்ச்சலும் ஒன்றாக வந்த மாதிரி. போதாததற்கு, இந்தியாவில் இருந்து வரவேண்டிய செவ்வந்தியில் முக்கால்வாசி விமான நிலையத்துச் சோதனையில் தடைபட்டுவிட்டது. நாங்கள் செவ்வந்தி என்று சொல்வது கதிரேசனுக்குச் செண்டுப்பூ, வெள்ளைக்காரருக்கு மெரிகோல்ட். அந்த மஞ்சளும் செம்மஞ்சளுமான உருண்டைப் பூ. வந்ததை எல்லாம் பங்கிட்டுக் கொடுத்த பின் ஒரேயொரு பெட்டி மிஞ்சியது. அதுவும் மிச்சம் இல்லை. மறுநாள் காலை முருகன் உலா வரும்போது சாத்தும் மாலைக்கென்று, எங்களுக்கு வருடம் முழுவதும் ஓடர் தரும் கோயிலுக்காக ஒதுக்கியது. அண்ணை உட்கார்ந்து கட்டத் தொடங்க வேண்டியதுதான் பாக்கி.

மதியச் சாப்பாட்டு நேரம். கதவு திறந்தது. சின்ன உருவம், கறுத்த நீளப் பின்னல், வேலைத்தளத்து நீலச் சட்டைக்கு மேலே மழைக்கோட்டு. எங்கள் ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன். "வாங்கோ," என்றேன். அவளோ தலையைத் தூக்கி, கடைக்குள் எதையோ தேடுகிற மாதிரி மூச்சை இழுத்தாள். நேரே உள்ளே போனாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துவிட்டாள். மூக்கு மட்டுமா! நெற்றி, கன்னம், கண், எல்லாம்.

"ஐயோ! மூக்கை எடுங்கோ! எடுங்கோ மூக்கை!" நான் போட்ட சத்தத்தில் வெளியே வானுக்குள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்த கதிரேசன் ஓடி வந்தான். பின்னறையில் இருந்து அண்ணை வந்தார். அவள் நிமிர்ந்தாள். கன்னத்தில் மஞ்சள் இதழ்கள் ஒட்டியிருந்தன. அழுதுகொண்டிருந்தாள். செவ்வந்தி மேலே கண்ணீரும் விழுந்திருந்தது, இனி என்ன சுத்தம் பார்ப்பது!

"எனக்கு இது வேணும்," என்றாள். "எல்லாம் வேணும்."

அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே தரம், அதனால் நன்றாக விளங்கியது. இங்கே எங்கள் தமிழிலேயே சொல்கிறேன். நான் இன்னும் படபடப்பில்தான் இருந்தேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தபோது, பழக்க தோசத்தில் அந்தக் கேள்விதான் வந்தது.

"எதுக்கு?"

"என்ர மகனுக்கு."

அவள் பெயர் லூப்பே. மெக்சிக்கோவில் மலைப்பக்கத்து ஊர். லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சமைக்கிறாள். ஒரே மகன் மத்தேயோ. கல்லூரிக்குப் போகிற வயது, கால்பந்துப் பைத்தியம். காலில் சேற்றுச் சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்து கம்பளத்தை நாசமாக்குவான் என்று ஒவ்வொரு நாளும் சண்டையாம். அந்த வருடம் மாசி மாதத்தில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்துவிட்டான், எழும்பவில்லை. இருதயம் என்றார்களாம். தாயும் மகனும் இருந்த வீடு எங்கள் கடையில் இருந்து நாலு தெரு தள்ளி. அவன் போன பிறகு, ஒரு ஆளுக்கு அந்த வீடு பெரிது என்று வீடு கொடுத்த கவுன்சில் அவளைப் பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு மாற்றிவிட்டது.

"எங்கட ஊரில, செத்த பிள்ளையள் இந்தக் கிழமைதான் வீட்டுக்கு வருவினம்," என்றாள். "வருசத்தில ஒரு இரவு, அது இண்டைக்கு. பெரியாக்கள் நாளைக்கு இரவு. வாசல்ல இருந்து சாப்பாடு வைக்கிற மேசை வரைக்கும் இந்தப் பூவை உதிர்த்து வழி போடுவம். அவையளுக்குக் கண் தெரியாது, வாசத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் வருவினம். இங்க பூக்கடை எல்லாம் ஏறி இறங்கிட்டன். மெரிகோல்ட் இருக்குது, வாசம் இல்லை. வாசம் இல்லாத பூவை வச்சு நான் என்ன செய்ய? அவனுக்கு என்ர புது வீடு தெரியாது."

கதிரேசன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"இங்க எப்பிடி வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"பழைய வீட்டைப் பார்த்திட்டுப் போவம் எண்டு வந்தனான். பஸ் ஸ்டொப்பில நிக்கேக்க மணந்தது. மணத்தைப் பிடிச்சுக்கொண்டு வந்திட்டன்."

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. செத்தவர்கள் வருகிற மாதிரியே அல்லவா இவள் வந்திருக்கிறாள்!

அப்போதுதான் கோயில் ஐயரின் போன். மாலை எப்போது வரும் என்று கேட்டார். அண்ணை கையால் போனைப் பொத்திக்கொண்டு பெட்டியைப் பார்த்தார்.

கதிரேசன் என் காதுக்குள், "அக்கா, இந்தம்மாவுக்குக் கொஞ்சம் குடுத்துட்டு மிச்சத்தைக் கட்டிரலாம். யாருக்குத் தெரியப்போகுது? நான் சொல்ல மாட்டேன்," என்றான். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நானே அண்ணையிடம் சொன்னேன்: "மேல கிடக்கிறதை எடுத்திட்டு அடியில கிடக்கிறதைக் கட்டலாமே அண்ணை? அடியில மூக்குப் படேல்லைத்தானே."

அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஐயருக்குத் தெரியாட்டிலும் எனக்குத் தெரியும். என்ர கையில ஊசி ஏறாது, ஜெசி."

பிறகு போனில் உள்ளதை உள்ளபடியே சொன்னார். ஒரு தாய் வந்து பூவை முகர்ந்துவிட்டாள், செவ்வந்தி இனி இல்லை என்று. அந்தப் பக்கம் ஐயர் கத்தியது எங்களுக்கே கேட்டது. அண்ணை பொறுமையாக எல்லாவற்றுக்கும் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்றார். கடைசியில் ஐயர் பெருமூச்சு விட்டு, "சரி, அரளியும் மருக்கொழுந்தும் வச்சுக் கட்டுங்கோ. முருகன் ஒண்டும் சொல்ல மாட்டார். கோயில் சபைத் தலைவருக்குத்தான் நான் மறுமொழி சொல்லவேணும்," என்றாராம்.

தலைவர் சும்மா விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நல்லது செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று நீங்கள் ஏமாறக்கூடாது. அடுத்த வருடம் முழுவதும் அந்தக் கோயில் ஓடர் வேறு கடைக்குப் போனது. அண்ணை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்தான் பேசிப் பேசிக் களைத்தேன்.

அண்ணை போனை வைத்துவிட்டு அரளியை எடுத்து உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தாமலே, "கதிரேசன், அந்தப் பெட்டியையும் அவவையும் வீட்டில கொண்டுபோய் விடு. ஜெசி, நீங்களும் போங்கோ," என்றார்.

வான் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். பெட்டி லூப்பேயின் மடியில். மேசையில் என்னென்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். எனக்கு எதையும் கேட்காமல் இருக்க ஏலாது என்று உங்களுக்குத் தெரியும். சோள மாவைச் சோளக்கதிர் மடலில் சுற்றி அவிப்பாளாம், எங்கள் இலைக்கொழுக்கட்டை மாதிரி. மிளகாயும் தக்காளியும் அரைத்துக் கறி, அவகாடோ, அவனுக்கு விருப்பமான சொக்லேட் பானம்.

"மிளகாய்க் கறியோ? எங்கட ஆக்கள் மாதிரியே சமைக்கிறியளே!" என்றேன்.

அவள் அன்றுதான் முதல் தடவை சிரித்தாள். "இல்லை. நீங்கள்தான் எங்கட ஆக்கள் மாதிரிச் சமைக்கிறியள்."

மிளகாய், தக்காளி, சோளம், சொக்லேட், இந்தச் செவ்வந்தி எல்லாமே அவள் பக்கத்து மண்ணில் இருந்துதான் உலகத்துக்குப் போனதாம். அவள் தாய் பேசிய பழைய பாஷையில் இருந்துதான் தக்காளிக்கும் சொக்லேட்டுக்கும் ஆங்கிலக்காரர் பெயர் எடுத்தார்களாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மிளகாய் இல்லாமல் ஒரு தமிழன் எப்படி உயிரோடு இருந்திருப்பான்? பிறகு வீட்டுக்குப் போய் மகளைக் கொண்டு தேடிப் பார்த்தால், அவள் சொன்னது அத்தனையும் சரி. எங்கள் மன்னாருக்கு வேதத்தைக் கொண்டுவந்த போர்த்துக்கீசக் கப்பல்காரர்தான் மிளகாயையும் கொண்டுவந்தார்களாம். இந்தப் பூவும் அப்படித்தான் வந்திருக்கும் என்கிறார்கள். முருகன் கழுத்தில் ஏறுகிற பூவும் என் மீன்குழம்பும் ஒரே கப்பலில் வந்திருக்கின்றன, நான் ஒன்றுக்குக் கும்பிடு போட்டு மற்றதற்கு மூடி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"உங்கட சனத்துக்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.

"வெளியாக்கள் அஸ்டெக் எண்டு சொல்லுவினம். மகன் சின்னனா இருக்கேக்க பள்ளிக்கூடத்தால மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவை, நானும் உதவிக்குப் போனனான். கண்ணாடிக்குள்ள எங்கட முகமூடி, எங்கட கல்லு. 'இவர்கள் இப்படிச் சாப்பிட்டார்கள், இப்படிக் கும்பிட்டார்கள்' எண்டு எழுதியிருந்தது. மகன் வாசிச்சுப்போட்டு என்ர சட்டையைப் பிடிச்சு இழுத்துக் கேட்டான், 'அம்மா, நாங்கள் செத்துப் போயிட்டமா?' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"'பேய்க்கதை கதையாத. பசிக்குதோ?' எண்டு கேட்டன். பசிக்குது எண்டான். 'பசிச்சா உயிரோட இருக்கிறாய்' எண்டன்."

மூவரும் சிரித்தோம்.

அப்போது கதிரேசன் வானைத் திருப்பினான். பார்க்கிங் ஊருக்குப் போகிற பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம்.

"எங்க போறாய்?"

"அக்கா, பழைய வீடு எந்தத் தெருன்னு அந்தம்மாகிட்டக் கேளுங்க."

கேட்டேன். லூப்பே குழப்பத்தோடு வழி சொன்னாள். வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் ஒன்று. ஜன்னலில் புதிதாக யாருடையதோ திரை தொங்கியது. கதிரேசன் வானை நிறுத்தி, அவள் மடியில் இருந்த பெட்டியில் ஒரு கை அள்ளிக்கொண்டு இறங்கினான். அந்த வீட்டு கேற்றுக்கு வெளியே, நடைபாதை ஓரத்தில், பூவைப் பிய்த்துத் தூவினான். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னான்:

"புது வீட்டு வாசல்ல மட்டும் போட்டா எப்படிக்கா? தம்பி பழைய வீட்டுக்குத்தானே வருவான்? அங்க வந்து பாத்தா வேற ஆளு இருப்பாங்க. பாவம், திகைச்சு நிக்க மாட்டான்? எங்க ஊர்ல கொண்டுபோய் விடத் தூவுவோம். இவங்க கூட்டிட்டு வரத் தூவுறாங்க. ரோடு ஒண்ணுதானே. இங்கிருந்தே ஆரம்பிப்போம்."

நான் இதை அவளுக்கு என் ஓட்டை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

ரொம்ஃபோர்ட் ரோட்டில் ஏறும் திருப்பத்தில் ஒரு கை. இல்ஃபோர்ட் பக்கம் பெரிய பாலத்தைக் கடந்ததும் ஒரு கை. இல்ஃபோர்ட் லேன் வழியாக இறங்கும்போது ஒவ்வொரு சிக்னலிலும் அவள் உதிர்த்தாள், பூத் தீராமல் இருக்க நான் கணக்காக எடுத்துக் கொடுத்தேன். தூறல் போட்டது, இதழ்கள் ரோட்டில் அப்படியே ஒட்டிக்கொண்டன. பின்னால் வந்த கார்க்காரன் ஹோர்ன் அடித்து ஏதோ கத்தினான். கதிரேசன் தலையை வெளியே நீட்டி, "எங்க வீட்டுப் புள்ள வருதுய்யா, கொஞ்சம் பொறு!" என்று தமிழிலேயே பதில் கத்தினான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பார்க்கிங் ஊரில் அவள் கட்டிடத்துக்கு வந்தபோது பெட்டியில் பாதி இருந்தது. மாடிப் படிகளுக்கும் வாசலுக்கும் மேசைக்கும் அது போதும் என்றாள். கதிரேசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனான். அவள் மட்டும் கட்டிட வாசல் படியில் நின்று, நாங்கள் வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். தாயின் பழைய பாஷையில், உரத்த குரலில், ஒரு வசனம் சொன்னாள். நான் தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டேன். ஏதோ மந்திரம், மரித்தவர்களுக்கான செபம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதை விளக்கம் கேட்க எனக்கே மனம் வரவில்லை.

இப்போது கடை வாசலில் ஐப்பசியில் ஒரு பெட்டியைத் திறந்து வைக்கிறார்களே, 'இதை முகரலாம்' என்று எழுதி, அதற்கு அன்றைய பெட்டிதான் காரணம். யோசனை அண்ணையுடையது. மற்றப் பெட்டிகளில் மூக்கை வைத்தால் நான் வீட்டில் இருந்தே ஓடிவந்து கத்துவேன், அந்தச் சட்டம் மாறவில்லை. ஆனால் யாராவது சட்டத்தை மீறினால், கத்தி முடித்த பிறகாவது எதற்கு என்று கேளுங்கள். ஒருவருக்கு ஆகாமல் போன பூ இன்னொருவருக்கு அதனாலேயே சரியான பூவாக இருக்கலாம், அதைக் கேட்காமல் அறிய வழி கிடையாது.

அடுத்த வருடம் லூப்பே மூன்று தோழிகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு வருடமாக அரித்துக்கொண்டிருந்த கேள்வியை அன்று கேட்டுவிட்டேன்.

"போன முறை படியில நிண்டு பெரிசா ஒண்டு சொன்னீங்களே. அது என்ன செபம்?"

"செபமோ?" அவள் யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"செபம் இல்லை அக்கா. புது வீட்டில கம்பளம் வெள்ளை நிறம். 'சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்க வா' எண்டு சொன்னனான்."